இஸ்தோப்புக்கு (வீட்டு முன்வாசல் திண்ணைக்கு) எந்த லைட்? வலசைக் குருவியின் கண்ணையும் சேர்த்து ஒரு கணக்கு

இலங்கை மலைநாட்டில் பண்டாரவளைப் பக்கம் வயரிங் வேலை செய்து பிழைப்பவன் நான். புரட்டாசி பிறந்து மாலையில் மூட்டம் இறங்கத் தொடங்கினால் ஒரே கேள்வி பல வாயிலிருந்து வரும்: "அண்ணே, வெளியில என்ன லைட்டு போடலாம்?" சிலர் சிறுத்தைக்குப் பயந்து கேட்பார்கள், சிலர் கரண்ட் பில்லுக்குப் பயந்து. இப்போது மூன்றாவதாக ஒரு கூட்டமும் சேர்ந்திருக்கிறது. வெள்ளைக்காரருக்கு அறை வாடகைக்கு விடுபவர்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், கோயில் கமிட்டியில் ஓரிருவர். "ராத்திரியில குருவி வந்து சுவத்துல அடிபடுது, அதுக்கு ஏத்த மாதிரி ஒரு லைட்டு இருக்கா?" என்கிறார்கள்.

என் பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் ஓர் ஐப்பசியில், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு மேலே மலை விளிம்பில் நிற்கும் ஒரு வீட்டின் கூரை முனையில் 50 வாட் வெள்ளை போகஸ் லைட் பூட்டிக் கொடுத்தேன். வெளிச்சம் எதிர்மலை வரை அடித்தது. எனக்கே பெருமையாக இருந்தது. மூட்டம் அடைத்த மூன்றாம் நாள் காலை வீட்டுக்கார அக்கா போன் பண்ணினார். போய்ப் பார்த்தால் சுவரடியில் ஓர் ஆறுமணிக் குருவி. பச்சை முதுகு, வாலடியில் குங்குமச் சிவப்பு, கண்ணில் மை தீட்டியது போல் கறுப்புப் பட்டை. சிங்களத்தில் அவிச்சியா என்பார்கள். ஐம்பது, அறுபது கிராம்தான் எடை. இமயமலை அடிவாரத்திலிருந்தோ மத்திய இந்தியக் காட்டிலிருந்தோ இரவிரவாகப் பறந்து, கடலைத் தாண்டி, நான் பூட்டிய லைட்டில் வந்து முடிந்திருந்தது. "பாவம், இருட்டுல கண்ணு தெரியல போல" என்றார் அக்கா. பிறகு வாசித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. இருட்டில் அதற்கு நன்றாகவே தெரியும். வெளிச்சத்தில்தான் தடுமாறியிருக்கிறது.

## எதை வைத்து எடை போடுவது

ஐந்து வகை லைட்டை ஒப்பிடப் போகிறேன். அளவுகோல் நான்கு.

ஆளுக்குப் பயன்படுகிறதா என்பது முதலாவது. பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) விடியமுன் இறங்குபவருக்குப் படி தெரிய வேண்டும். கக்கூசுக்குப் போகும் பிள்ளைக்குப் பாம்பு தெரிய வேண்டும். லைட் சிறுத்தையை விரட்டும் என்று நான் நம்பவில்லை. அது நிற்பதை நாம் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். இதில் தேறாத லைட்டை, குருவிக்கு எவ்வளவு நல்லதானாலும், நான் யாருக்கும் பூட்ட மாட்டேன்.

இரண்டாவது, குருவியின் திசைகாட்டியை அது என்ன செய்கிறது என்பது. மூன்றாவது, மூட்டத்தில் குருவியை எவ்வளவு இழுக்கிறது என்பது. இவை இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் அதிகம், வேறு வேறு. நான்காவது, கடையில் சொல்லாத செலவு.

## கண்ணுக்குள் இருக்கும் திசைகாட்டி

இரண்டாவது அளவுகோலை விளக்காமல் மேலே போக முடியாது.

வலசைப் பறவை பூமியின் காந்தத்தை உணர்கிறது என்பதை 1960களில் ஜெர்மனியின் பிராங்க்பேர்ட்டில் வொல்ப்காங் வில்ச்கோ ஐரோப்பிய ராபின் குருவிகளைக் கூண்டில் வைத்துக் காட்டினார். கூண்டைச் சுற்றிக் கம்பிச் சுருள் வைத்துக் காந்தத்தைத் திருப்பினால், குருவி தாவிப் பார்க்கும் பக்கமும் திரும்பியது. 1972 இல் இன்னொன்று தெரிந்தது. நம் காம்பஸ் ஊசி போல வடமுனை, தென்முனை என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. காந்தக் கோடு நிலத்தை நோக்கி எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைத்தான் பார்க்கிறது.

இந்த உணர்வுக்கு வெளிச்சம் வேண்டும் என்பதுதான் என்னைப் போன்ற லைட்காரனைச் சுடும் செய்தி. 1993 இல் டாஸ்மேனியாவிலிருந்து வலசை போகும் வெள்ளைக்கண்ணிக் குருவிகளைச் சிவப்பு வெளிச்சத்தில் வைத்தார்கள், திசை தவறியது. ராபின்களிலும் அப்படியே. நீலத்திலும் பச்சையிலும் சரியாகத் திரும்பிய குருவி, 590 நனோமீற்றர் அலைநீள மஞ்சளுக்கு வந்ததும் குழம்பியது. பச்சைக்கு எடுத்தது 565. இடைவெளி வெறும் 25 நனோமீற்றர்.

காரணம் விழித்திரையில் இருப்பதாகக் கருதப்படுகிறது. கிளவுஸ் ஷுல்ட்டன் 1978 இல், வெளிச்சம் பட்டதும் ஒரு மூலக்கூறில் பிறக்கும் இரண்டு தனி இலத்திரன்களின் சுழற்சியைப் பூமியின் மெல்லிய காந்தம்கூடச் சற்றே மாற்றலாம் என்றார். அந்த வேலையைச் செய்யக்கூடிய புரதம் கண்ணில் உள்ள கிரிப்டோகுரோமாக இருக்கலாம் என்று 2000 இல் அவரும் தோர்ஸ்டன் ரிட்ஸும் எழுதினார்கள். நீல ஒளி பட்டால், அந்தப் புரதத்துக்குள் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலங்கள் நான்கு வரிசையாக நிற்க, இலத்திரன் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும். மலையில் கொழுந்து மூட்டையைக் கைமாற்றிக் கைமாற்றி லொறிக்கு ஏற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. 2021 இல் ஓல்டன்பர்க், ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் ராபினின் கிரிப்டோகுரோம்-4 ஐத் தனியாகச் செய்து சோதித்தார்கள். காந்தத்துக்கு அது அசைந்தது. வலசை போகாத கோழியினுடையதும் புறாவினுடையதும் அந்த அளவுக்கு அசையவில்லை. அது சோதனைக் குழாயில் நடந்தது, உயிருள்ள கண்ணில் அல்ல. அந்த வித்தியாசத்தை மறக்கக் கூடாது. ஆனாலும், பார்க்கும் காட்சியின் மேலேயே ஒரு நிழல் போலக் குருவிக்குத் திசை தெரியக்கூடும் என்பது என் மனதை விட்டுப் போகாத எண்ணம்.

நம் மலைநாட்டுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல். இலங்கை காந்த மத்தியரேகைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. கேரளத்தின் தும்பாவில் 1963 இல் ராக்கெட் தளம் போட்டதே அந்தக் கோட்டுக்காகத்தான். இங்கே காந்தக் கோடுகள் ஏறத்தாழக் கிடையாக ஓடுகின்றன. சாய்வைப் பார்த்துத் திசை பிடிக்கும் குருவிக்கு, வந்து சேரும் இடத்தில் சாய்வே இல்லை. நட்சத்திரமாவது கைகொடுக்குமா? துருவ நட்சத்திரம் நுவரெலியாவில் அடிவானத்திலிருந்து ஏழு பாகைதான் உயரம். பள்ளத்தில் நிற்பவருக்கு அது எப்போதும் ஏதோ ஒரு மலைக்குப் பின்னால். மூட்டமும் சேர்ந்தால் வானமே இல்லை. காந்தம், நட்சத்திரம் என்று கையிலுள்ள சீட்டில் இரண்டு போன குருவிக்குமுன் நாம் ஒரு பொய் நிலவைத் தொங்கவிடுகிறோம். மற்ற ஊரைவிட இங்கே தவறான லைட்டுக்கு விலை கூட என்று நான் நினைப்பது இதனால்தான்.

## வெள்ளை எல்.ஈ.டி. போகஸ் லைட்

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். மலிவு, பிரகாசம், எந்த ஹார்ட்வெயார் கடையிலும் கிடைக்கும். ஆளுக்கு நல்லது என்றும் தோன்றும். ஆனால் கண் கூசுவதால் வெளிச்ச வட்டத்துக்கு வெளியே நமக்கு ஒன்றும் தெரியாது. சிறுத்தை நிற்பது அங்கேதான்.

குருவியின் திசைகாட்டிக்குத் தேவையான நீலமும் பச்சையும் இதில் உண்டு. அப்படியானால் நல்லதுதானே என்று ஒரு பையன் கேட்டான். கூண்டுச் சோதனைகளில் கொடுத்தது அந்தி மங்கலுக்கும் குறைந்த வெளிச்சம். ஒளியைக் கூட்டியபோது அதே ராபின்கள் பருவத்துக்குரிய திசையை விட்டு வேறெங்கோ திரும்பின. 50 வாட் போகஸ் எந்தக் கணக்கிலும் மங்கல் இல்லை.

இழுப்புக்கு வந்தால் இதுதான் மோசம். நியூயோர்க்கில் செப்டெம்பர் 11 நினைவாக வானத்தில் பாய்ச்சும் ஒளித்தூண்களை ராடார் வைத்து ஆராய்ந்து 2017 இல் வெளியிட்டார்கள். ஏழு இரவுகளில் சுமார் 11 இலட்சம் பறவைகள் பாதிக்கப்பட்டிருந்தன. அதே ஆய்வில் எனக்குப் பிடித்தது வேறு விஷயம்: லைட்டை அணைத்த சில நிமிடங்களில் வட்டமிட்ட பறவைகள் கலைந்து தம் வழியே போய்விட்டன. நிறத்தைப் பற்றிய எத்தனையோ வாதத்தைவிட அந்த ஒரு சுவிச் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

மறைந்த செலவு இரண்டு. மலையில் நாம் குளவி என்று பொதுவாகச் சொல்வதில் பாதி பெருந்தேனீ, சிங்களத்தில் பம்பரா. அது இரவிலும் பறக்கும், வெள்ளை லைட்டுக்கு வரும். மலைக்குப் போகும் பெண்களைக் கொட்டும் அதே பூச்சியை வீட்டு வாசலுக்கு நாமே கூப்பிடுகிறோம். மற்றது இரைச்சல். மலிவு லைட்டுக்குள் கரண்டை மாற்றிக் கொடுக்கும் 'டிரைவர்' என்ற சிறு கருவி வானொலி அலையில் சத்தம் போடும். ஓல்டன்பர்க் நகரில் ராபின்கள் திசை பிடிக்காமல் போனதற்கு இப்படிப்பட்ட மின்காந்த இரைச்சலே காரணம் என்று 2014 இல் காட்டினார்கள். கூண்டிருந்த குடிலை அலுமினியத் தகட்டால் மூடி நிலத்துக்கு எர்த் கொடுத்ததும் திசை திரும்பி வந்தது. உங்கள் லைட் எப்படி என்று பார்க்க அப்பாவின் பழைய ரேடியோ போதும்: மத்திய அலையில் நிலையம் இல்லாத இடத்தில் வைத்து லைட்டுக்குக் கிட்டக் கொண்டுபோங்கள். 'கர்ர்' என்று அலறினால் டிரைவர் மட்டமானது. ஒரு வீட்டு லைட்டின் சத்தம் கொஞ்ச தூரத்தில் தேய்ந்துவிடும், ஆகவே இதை நான் கடைசிக் காரணமாகத்தான் வைப்பேன். ஆனாலும் அலறாத லைட் நீண்ட நாள் உழைப்பதை என் தொழிலில் கண்டிருக்கிறேன்.

இது பொருந்தும் இடம்: ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) முற்றத்தில் கொழுந்து லொறி இறக்கும் நேரம், வீதி விபத்து, மண்சரிவு இரவு. வேலை முடிந்ததும் அணைக்க ஓர் ஆள் வேண்டும்.

## மஞ்சள் பல்ப்

'வார்ம்' என்று பெட்டியில் போட்டிருக்கும், 2700 அல்லது 3000 கெல்வின். நீலம் குறைவு, பூச்சி குறைவு, பெருந்தேனீயும் குறைவு. வீட்டு முகத்துக்கும் அழகு. படிக்கட்டுக்கு 5 வாட் தாராளம்.

மஞ்சளில் குருவி குழம்பியது என்று மேலே எழுதினேனே என்பீர்கள். அது ஒற்றை அலைநீள மஞ்சள். பல்பிலிருந்து வரும் மஞ்சளில் பச்சையும் கொஞ்சம் நீலமும் கலந்திருக்கிறது. அந்தச் சோதனையை இதற்கு அப்படியே பொருத்த முடியாது. பழைய சோடியம் தெருவிளக்கின் மஞ்சள்தான் 589 க்கு அருகில் வருவது. அது இப்போது ஒவ்வொன்றாகக் கழற்றப்படுகிறது. வார்ம் பல்பின் நன்மை நிறத்தைவிட வாட்டில் இருக்கிறது. சின்னதாக வாங்குவார்கள், கீழ்நோக்கிப் பூட்டுவார்கள். 30 வாட் மஞ்சளை மேல்நோக்கி வைத்தால் வெள்ளைக்கும் அதற்கும் பெரிய பேதமில்லை.

லயத்து வரிசைக்கு நான் சொல்வது இதுதான். ஆறு காம்பராவுக்கும் (குடும்ப அறைக்கும்) தனித்தனி போகஸ் போடுவதற்குப் பதில், ஒவ்வோர் இஸ்தோப்பிலும் கூரைக்கு உள்ளே ஒரு மஞ்சள் பல்ப். பில்லும் பங்கு போடத் தேவையில்லாமல் அவரவர் மீட்டரில் போகும். சண்டையும் ஒன்று குறையும்.

## சிவப்பும் பச்சையும்

இணையத்தில் வாசித்துவிட்டு வருபவர்கள் கேட்பது இவை. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் இரண்டின் கதையும் ஒன்றையொன்று வெட்டுகிறது.

வடகடல் எரிவாயு மேடைகளின் லைட்டுக்காக நெதர்லாந்துக்காரர்கள் களத்தில் சோதித்து 2008 இல் வெளியிட்ட ஆய்வில் வெள்ளையும் சிவப்பும் பறவைகளைக் குழப்பின. பச்சையும் நீலமும் குறைவாகவே குழப்பின. திசைகாட்டிக் கணக்கோடு இது பொருந்துகிறது. ஆனால் அதற்கு முந்திய ஆண்டு அமெரிக்காவில் முகில் மூடிய இரவுகளில் நிற ஒளியை மேலே பாய்ச்சிப் பார்த்ததில், பச்சைக்கும் நீலத்துக்கும் வெள்ளைக்கும் பறவைகள் கூடின, சிவப்புக்குக் கூடவில்லை. கிழக்கும் மேற்கும் போல இரண்டு முடிவு. திசைகாட்டி குழம்புவது வேறு, இழுபடுவது வேறு என்று தொடக்கத்தில் பிரித்தது இதற்காகத்தான்.

சிவப்பில் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. மிச்சிகனில் தொடர்புக் கோபுரங்களில் அணையாமல் எரியும் லைட்டை எடுத்துவிட்டு மினுக்கும் லைட்டை மட்டும் விட்டபோது பறவைச் சாவு 50 முதல் 71 சதவீதம் குறைந்தது. அதாவது தொடர்ந்து எரிவதுதான் குற்றவாளி. வீட்டுக்குச் சிவப்பு? சிவப்பு வெளிச்சத்தில் படியின் விளிம்பும் தெரியாது, பச்சைப் பாம்பும் தெரியாது. முதல் அளவுகோலிலேயே விழுந்துவிட்டது.

பச்சை இஸ்தோப்பில் பார்த்தால் சாம்பாரும் பச்சை, பிள்ளையின் முகமும் பச்சை. ஒரு விருந்தினர் வீட்டில் பூட்டினேன். இரண்டாம் வாரமே கழற்றச் சொன்னார்கள்.

## மூடி போட்ட சென்சர் லைட்

ஆள் அசைந்தால் எரிந்து, போனால் அணையும் லைட். விலை கூட. நான் அதிகம் பூட்டுவதும் திரும்பத் திரும்பப் போய்ச் சரிசெய்வதும் இதைத்தான்.

ஆளுக்கு: எரிந்துகொண்டே இருக்கும் லைட் நமக்கு ஒன்றும் சொல்லாது. இது திடீரென எரிந்தால் வீட்டில் எல்லாரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். சிறுத்தையோ பன்றியோ அடுத்த வீட்டு மச்சானோ, ஏதோ வந்திருக்கிறது. குருவிக்கு: இரவில் பத்து நிமிஷம் எரிந்தால் மீதி நேரம் முழுவதும் இருட்டு. திசைகாட்டிக் கேள்வியும் இழுப்புக் கேள்வியும் ஒன்றாகவே தீர்ந்துவிடுகின்றன.

மறைந்த செலவு நிறைய. மலையின் ஈரம் சென்சரைத் தின்னும். ஹப்புத்தளைப் பக்கம் இரண்டு மழைக்காலம் தாண்டினால் அதிர்ஷ்டம். கண்ணாடியில் சிலந்தி கூடு கட்டினால் இரவெல்லாம் எரியும். அடர்ந்த மூட்டத்தில் சென்சரின் எட்டம் குறையும். நாய் வளர்க்கும் வீட்டில் உயரத்தைக் கூட்டி, சென்சரின் முகத்தைச் சற்றுத் திருப்ப வேண்டும். அடியில் மூன்று திருகு இருக்கும்: நேரம், வெளிச்சம், கூர்மை. பெட்டியிலிருந்து எடுத்தபடி பூட்டுபவர்கள் நேரத்தை எட்டு நிமிஷத்தில் விட்டுவிடுகிறார்கள். ஒரு நிமிஷத்துக்குக் கீழே கொண்டுவாருங்கள்.

மூடி இல்லாமல் சென்சர் பாதி வேலைதான். வெளிச்சம் பக்கவாட்டிலும் மேலேயும் போகாமல் படியில் விழ வேண்டும். கடையில் மூடி கிடைக்காவிட்டால் பால்மா டின்னை நெடுக்கில் வெட்டி லைட்டுக்கு மேலே கூரை போல நிறுத்தலாம். டின் வயரில் தொடாமலும் லைட்டின் சூடு வெளியே போக இடம் விட்டும் பூட்ட வேண்டும். ஈரக் காலத்தில் இதை நீங்களே செய்யாமல் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

## ஒரே பார்வையில்

| லைட் | ஆளுக்கு | குருவிக்கு | சொல்லாத செலவு | பொருந்தும் இடம் |
|---|---|---|---|---|
| வெள்ளை போகஸ் | வட்டத்துக்குள் மட்டும் | மிக மோசம் | பெருந்தேனீ, இரைச்சல், பில் | வேலை நேரம், அவசரம் |
| மஞ்சள், 5 வாட் | போதும் | சுமார் | அணைக்க மறதி | லயத்து இஸ்தோப்பு |
| சிவப்பு | போதாது | ஆய்வுகள் முரண் | விழுந்து கால் உடைதல் | கோபுரம் (மினுக்கினால்) |
| பச்சை | பிடிக்காது | ஆய்வுகள் முரண் | கழற்றும் கூலி | கடல் மேடை |
| மூடிய சென்சர் | நன்று | நன்று | ஈரம், சிலந்தி, நாய் | தனி வீடு, விருந்தினர் அறை, பாதை |

## கோயிலுக்கு

கமிட்டி அண்ணன்மார் கோபிக்க வேண்டாம். ஆறுமணிக் குருவியும், நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்கு வரும் காஷ்மீர் ஈப்பிடிப்பானும் வந்து இறங்குவது புரட்டாசி, ஐப்பசியில், திரும்பிப் போவது பங்குனி, சித்திரையில். நவராத்திரியும் தீபாவளியும் முதலாவதில், நம் தோட்டத்து அம்மன் திருவிழாக்கள் பல இரண்டாவதில். திருவிழா இரவுகளை நான் கணக்கில் எடுக்கவில்லை. அவை எண்ணிச் சில. மற்ற இரவுகளில் கோபுரத்துக்குக் கீழிருந்து மேலே அடிக்கும் லைட்டைப் பத்து மணிக்கு அணைக்க ஒரு டைமர் போதும். அதற்குச் செலவிடுவது சில மாத பில்லிலேயே திரும்பிவிடும். கர்ப்பக்கிரகத்துத் தூண்டாமணி எரியட்டும். அதைப் பார்த்து எந்தக் குருவியும் வழி தவறாது.

அந்த மலை விளிம்பு வீட்டுக்கு இப்போது இரண்டு சென்சரும், அடுப்படி வாசலில் ஒரு மஞ்சள் பல்பும். போகஸ் லைட் இன்னும் கூரை முனையில் இருக்கிறது, ஆனால் சுவிச் அக்காவின் கட்டில் பக்கத்தில். நாய் ஒரு மாதிரியாகக் குரைத்தால் மட்டும் போடுவார்.

மூட்ட இரவில் குருவி ஒன்று உள்ளே வந்துவிட்டால், எல்லா லைட்டையும் அணைத்துக் கதவைத் திறந்து வையுங்கள். அடிபட்டுக் கிடந்தால், காற்று போகத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் ஒரு துணி விரித்து, அதில் வைத்து மூடி, பூனை ஏறாத இடத்தில் இருட்டாக விடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், புரை ஏறும். ஓரிரண்டு மணி நேரத்தில் பெட்டிக்குள் படபடக்கும் சத்தம் கேட்கும். விடிந்தபின் வேலியோரச் செடி மறைவில் பெட்டியைச் சாய்த்துத் திறந்துவிட்டு, பின்னால் நகர்ந்து நில்லுங்கள்.